காது வெட்டாத குட்டி

1

இந்தக் கதை எனக்கு எப்படிக் கிடைத்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்களாகக் கண்டுபிடித்து முகத்தைச் சுளிப்பதற்கு முன்னால் நானே சொல்லிவிட்டால் எனக்குக் கொஞ்சம் மரியாதை மிஞ்சும். போன வருஷம், 1958 தை மாதம், போடிமெட்டிலிருந்து கீழே இறங்கும் பஸ்சில் வந்துகொண்டிருந்தேன். பக்கத்து சீட்டுக்காரர் மடியில் ஒரு சாக்கு. சாக்குக்கு வெளியே ஒரு ஆட்டுக்குட்டியின் தலை. நான்தான் வாயைக் கொடுத்தேன். மனுஷர் பிடித்துக்கொண்டார். பஸ் வளைவு வளைவாக இறங்க இறங்கக் கதை சூடேறிக்கொண்டே போனது. முந்தல் வந்ததும், கதையில் ஒரு பெண்பிள்ளையைத் திருடி என்று பத்துப் பேர் நடுவே சொல்லியாகிவிட்ட இடத்தில், "எறங்கணும், எறங்கணும்" என்று கத்திக்கொண்டே குட்டியோடு இறங்கிப் போய்விட்டார்.

மிச்சத்தை நான் போட்டேன். எதுவரை அவருடையது, எங்கிருந்து என்னுடையது என்று கேட்காதீர்கள். கலந்து ஒரு வருஷம் ஆகிவிட்டது, இனி எனக்கே பிரிக்கத் தெரியாது.

(நடுவில் ஒரு தடவை, "கதையில வர்ற அந்த ராவுத்தர் நீங்கதானா?" என்று கேட்டேன். "என்னையப் பாத்தா அம்புட்டுக் கிறுக்கனாவா தெரியுது?" என்று முறைத்தார். வெறுமனே வேடிக்கை பார்த்த ஆளுக்கு இவ்வளவு விவரம் எப்படித் தெரியும்? எனக்கு அவர்மேல் சந்தேகம்தான். இந்தக் கதையில் எல்லோருக்கும் எல்லோர்மேலும் சந்தேகம் உண்டு, இப்போதே பழகிக்கொள்ளுங்கள்.)

2

தொடக்கம் மூன்று எழுதினேன்.

ஒன்று: "ஏலமலைச் சரிவில் மேகம் மெல்ல இறங்கிக்கொண்டிருந்த ஒரு காலைப் பொழுதில், குத்புதீன்—" போதும். மேகம் தினமும்தான் இறங்குகிறது. அதற்கும் இந்த ஆளுக்கும் என்ன சம்பந்தம்?

இரண்டு: "குட்டி கருப்பாகப் பிறந்தது." இது எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் கருப்பாகப் பிறந்தால் என்னய்யா, ஆடுதானே என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்பது நியாயம்.

மூன்று: "குத்புதீன் ராவுத்தர் யாரையும் நம்பமாட்டார்." இதை வைத்துக்கொள்கிறேன்.

நம்பாமல் இருப்பதுதான் அவருக்குப் பத்து வருஷம் சோறு போட்டது. போடியில் ஒரு ஏலக்காய்க் கடையில் காய் தரம் பிரிக்கிற வேலை. மலையிலிருந்து மூட்டை வந்து இறங்கும். மேலே பச்சைப் பசேலென்று முதல்தரக் காய் இருக்கும், கையை முழங்கை வரை விட்டால் அடியில் சொத்தையும் பழசும் வரும். குத்புதீன் கையை விடுவார். காயை முகர்வார், குலுக்கிக் காதில் வைத்துக் கேட்பார், கொண்டுவந்தவன் முகத்தை ஒரு பார்வை பார்ப்பார். பாதிப் பேர் அந்தப் பார்வையிலேயே, "அடியில கொஞ்சம் கலப்பு இருக்கு அண்ணே" என்று ஒத்துக்கொண்டுவிடுவார்கள். அந்தப் பெருமை அவருக்கு உண்டு. வீட்டில் பெண்சாதி பாத்துமுத்து ஆப்பம் சுட்டு வைத்தாலும் திருப்பிப் போட்டு அடியைப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிடுவார் என்று தெருவில் கேலி பேசுவார்கள்.

3

ஆட்டு விஷயத்துக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள், பின்னால் வருகிற சண்டையெல்லாம் இதில்தான் இருக்கிறது.

1951-ல் குத்புதீன் கடை வேலையை விட்டார். முந்தல் ரோட்டோரம் மூன்று ஏக்கரும் ஒரு தொழுவமும் இருந்தன. இந்தப் பக்கத்துச் செம்மறி சின்னது, செவலை நிறம், கம்பளிக்கு உதவாத குட்டை மயிர். ஆனால் மலைச்சாரலில் நாள் முழுக்க நனைந்தாலும் அதன் குளம்பு அழுகாது. கிழக்கே கரிசல் சீமையில் இருக்கிற செம்மறிக்கும் குட்டை மயிர்தான், ஆனால் அது வெள்ளைவெளேரென்று கன்றுக்குட்டி உயரம் நிற்கும். அதை இங்கே கொண்டுவந்தால் ஒரு மழைக்குத் தாங்காது, நொண்டத் தொடங்கிவிடும். உயரமும் வெள்ளையும் அப்பனிடமிருந்து, குளம்பு ஆத்தாளிடமிருந்து. இப்படி ஒரு இனம் கட்டிவிட்டால் கம்பம், உத்தமபாளையம் வரைக்கும் ஹஜ்ஜுப் பெருநாள் குர்பானிக்கு அறுக்க ஆடு கேட்டுத் தன் வாசலில்தான் வந்து நிற்பார்கள் என்று குத்புதீன் திட்டம் போட்டார்.

கரிசலிலிருந்து ஒரு வெள்ளைக் கிடா வாங்கினார். அதற்கும் செவலைகளுக்கும் பிறந்தவை முதல் தலைமுறை. அந்தப் பெட்டைகளை அவற்றின் அப்பனோடு விடக்கூடாது என்பதற்காக 1954-ல் அதே மந்தையிலிருந்து இரண்டாவது கிடா ஒன்று வாங்கினார். இது முதல் கிடாவைவிட ஒரு சாண் உயரம். நடந்தால் ஆடி ஆடி வரும், அதனால் அதற்குக் கப்பல் என்று பெயர். கப்பலுக்குப் பிறந்த பெட்டைகள்தான் குத்புதீன் ஆறு வருஷமாகக் காத்திருந்த ஆடுகள். வெள்ளை, உயரம், கல்லுக் குளம்பு. அவற்றில் முதலாவது வெள்ளச்சி. இனி வெள்ளச்சிக்கும் மற்ற மகள்களுக்கும் மூன்றாவது கிடா ஒன்று பார்க்கவேண்டும். அதுவரை கப்பல் தன் மகள்கள்மேல் ஏறிவிடாமல் அதன் வயிற்றுக்குக் கீழே ஒரு சாக்குத் துண்டு கட்டித் தொங்கவிட்டிருந்தார்.

இந்த வம்சாவளியெல்லாம் எழுதி வைக்கவில்லை. பாத்துமுத்து நினைவில் வைத்திருந்தாள். கல்யாண வீட்டில் உறவு சொல்வதுபோல, "வெள்ளச்சியா? அது மூக்குச்செவலையோட மக வயித்துப் பேத்தி, கப்பலுக்குப் பொறந்தது, போன ஈத்துல செத்த குட்டி போட்டுச்சே அதோட அக்கா" என்று ஒரே மூச்சில் சொல்வாள்.

இன்னொன்று. இங்கே ஆடு வைத்திருப்பவர்கள் எல்லோரும் குட்டி பிறந்ததும் காதில் அவரவர் அடையாளத்துக்கு ஒரு வெட்டுப் போடுவார்கள். நாலைந்து பேருடைய ஆடுகள் ஒன்றாகக் கிடையில் அடையும்போது எது யாருடையது என்று காதைப் பார்த்தால் தெரிந்துவிடும். குத்புதீன் மட்டும் வெட்டமாட்டார். குர்பானிக்கு ஊனமில்லாத ஆடு வேண்டும். சின்ன வெட்டு பரவாயில்லை என்று பள்ளிவாசலில் சொன்னாலும் வாங்க வருகிறவர் முதலில் காதைத்தான் நிமிர்த்திப் பார்க்கிறார். "வெட்டாத காதுதேன் ராவுத்தரோட அடையாளம்" என்று கிடைக்காரர்கள் சொல்லிக்கொள்வார்கள். யாரையும் நம்பாத மனுஷர், தன் ஆடுகளை மட்டும் அடையாளமே இல்லாமல் ஊரார் நடுவே விட்டுவைத்திருந்தார்.

4

அந்த ஆடுகளை மேய்த்தவள் அன்னக்கொடி. முப்பத்தைந்து வயது. புருஷன் மலைக்காய்ச்சலில் போய் நாலு வருஷம். ராவுத்தர் ஆடுகளோடு அவளுடைய சொந்த ஆடு பதினொன்று, எல்லாவற்றுக்கும் வலது காதில் நடுக்கீறல். கூலியாக அஞ்சு குட்டிக்கு ஒரு குட்டி. பகலில் மேய்த்துவிட்டு, பிச்சைமணி நடத்துகிற கிடையில் கொண்டுபோய் அடைப்பாள். யார் நிலத்துக்கு எரு வேண்டுமோ அவர்கள் கூப்பிட்ட இடத்தில் கிடை கிடக்கும். கிடையில் ஒரு இடம் இருந்தால்தான் ஆட்டுக்காரிக்குப் பிழைப்பு. தனியாகப் பதினொரு ஆட்டை வைத்துக்கொண்டு போனால் எவனும் தன் காட்டுக்குள் விடமாட்டான்.

1957 கார்த்திகை மாதம். வெயில் சாயத் தொடங்கியபோது அன்னக்கொடி தொழுவத்துக்கு வந்தாள். கையில் ஈரம் காயாத குட்டி. பின்னாலேயே வெள்ளச்சி கத்திக்கொண்டு வந்தது.

"வெள்ளச்சி குட்டி போட்டுருச்சு ராவுத்தரே. பெட்டக்குட்டி."

குத்புதீன் பார்த்தார். குட்டி கருப்பு. அங்கங்கே கருப்பு என்றால்கூடப் பரவாயில்லை, அடுப்புக்கரி மாதிரி மூக்கு முதல் வால் வரை கருப்பு.

"இது என்னது?"

"குட்டி."

"குட்டின்னு எனக்கும் கண்ணு தெரியுது. யாரு குட்டி?"

"வெள்ளச்சி குட்டிதேன். கண்ணு முன்னாடி போட்டுச்சு, தொரட்டி மரத்தடியில."

"ஒன் கண்ணு முன்னாடி."

"ஆமா, மேய்க்கிறவ கண்ணு முன்னாடிதேன் போடும்." பதில் சொல்லும்போது அன்னக்கொடி அவர் முகத்தைப் பார்க்காமல் குட்டியின் காலைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

குத்புதீனுக்கு மூக்கு வியர்த்தது. மூட்டைக்கு அடியில் கையை விட்டவுடன் விரலில் தட்டுப்படுமே, அது தட்டுப்பட்டது. ஆறு வருஷமாக இந்தத் தொழுவத்தில் ஒரு கருப்பு ரோமம் விழுந்ததில்லை. வெள்ளச்சி போட்டது வெள்ளைக்குட்டியாகத்தான் இருக்கவேண்டும். அது எங்கே? காது வெட்டாத வெள்ளைக்குட்டியை யார் வீட்டுக்குக் கொண்டுபோய் ஒரு கீறல் போட்டாலும் அந்த நிமிஷமே அது அவர்கள் குட்டி. அதற்குப் பதில் எங்கிருந்தோ ஒரு கரிக்குட்டியைத் தூக்கி வந்து என் தலையில் மிளகாய் அரைக்கிறாளா?

5

மறுநாள் காலை குத்புதீன் குட்டியைத் தூக்கிக்கொண்டு, வெள்ளச்சியையும் ஓட்டிக்கொண்டு கிடைக்குப் போனார். பொட்டிபுரம் போகிற வழியில் கடலை எடுத்த காட்டில் கிடை கிடந்தது. ஆடுகளை இன்னும் மேய்ச்சலுக்குப் பத்தவில்லை. பிச்சைமணி, சுருளி, இன்னும் ஏழெட்டுப் பேர் வேப்பங்குச்சியும் வாயுமாக நின்றார்கள், அன்னக்கொடியும் தன் ஆடுகளோடு நின்றாள்.

"ஏம்ப்பா பிச்சைமணி, ஒங்க கிடையில குட்டி மாத்துற சோலி எப்ப இருந்து நடக்குது?"

பிச்சைமணி குச்சியைத் துப்பினார். "என்ன ராவுத்தரே, காலங்காத்தால பெரிய பேச்சாப் பேசுறீங்க?"

குத்புதீன் விஷயத்தைச் சொன்னார். அன்னக்கொடியின் முகம் செத்துவிட்டது. பிச்சைமணி வழக்கப்படி, "தாயாட்ட விட்டுப் பாத்துருவோம்" என்றார். குட்டியை நாலு தாயாடுகளுக்கு நடுவே விட்டார்கள். மூன்று ஆடும் முட்டித் தள்ளின. வெள்ளச்சி பாய்ந்து வந்து குட்டியின் வாலடியை முகர்ந்து, மடியைக் காட்டி நின்றது. குட்டி முட்டி முட்டிக் குடித்தது. எல்லோரும் குத்புதீனைப் பார்த்தார்கள்.

இந்த இடத்தில் அவர் வாயை மூடியிருந்தால் எனக்குக் கதை இல்லை, அவருக்கும் பாவம் இல்லை. ஆனால் சந்தேகத்துக்கு ஒரு வாசலை அடைத்தால் அது அடுத்த வாசலில் போய் நிற்கும்.

"சரி, ஆத்தா வெள்ளச்சிதேன். அப்பன் எவன்? ராவுத்தர் வெள்ளாட்டத்துல உள்ளூருக் கரியன ஏத்திவிட்டது யாரு? எந்தக் கிடாக்காரங்கிட்ட என்ன வாங்கிட்டு ஏத்திவிட்ட?"

[இதில் "வெள்ளாட்டத்துல" என்பது தப்பு. வெள்ளாடு வேறு இனம், வெள்ளைச் செம்மறியை எவனும் அப்படிச் சொல்லமாட்டான், கோபத்தில் வாய் குழறிவிட்டது. அவருக்கா எனக்கா என்று தெரியவில்லை. அப்படியே விட்டுவிடுகிறேன்.]

"நம்ம கிடையில கருப்புக் கிடாவே இல்லையே ராவுத்தரே," என்றார் சுருளி.

"ரோட்டுல போற மந்தையில இருக்கும். தேவாரத்து மந்தை வாரத்துக்கு ரெண்டு தடவ போகுது."

அன்னக்கொடி அப்போதுதான் வாயைத் திறந்தாள். சத்தம் போடவில்லை. "நாலு வருசமா ஒங்க ஆட்ட மேய்க்கிறேன். ஒரு குட்டி நரி தூக்குனதில்ல. என்னையத் திருடின்னு சொல்றீங்களா?"

"திருடின்னு சொல்லல. திருடுனதச் சொல்றேன்."

இந்த வாக்கியத்தைச் சொல்லிவிட்டு, நறுக்கென்று சொல்லிவிட்டோம் என்று அவருக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அதை எழுதும்போது எனக்கும் இருந்தது.

பிச்சைமணிக்கு வேறு வழியில்லை. கிடையில் நம்பிக்கைதான் வேலி. "இந்தா அன்னக்கொடி, நான் ஒன்னையச் சந்தேகப்படல. ஆனா இப்படி ஒரு பேச்சு வந்தபெறகு நாளைக்கு எவன் தன் ஆட்ட ஒன் ஆட்டோட அடைப்பான்? வெள்ளிக்கெழமக்குள்ள ராவுத்தர் வாயாலேயே இல்லேன்னு சொல்ல வையி. இல்லேன்னா ஒன் பதினொன்னையும் பிரிச்சுக்க." அன்று செவ்வாய்க்கிழமை.

குத்புதீன் தன் ஆடுகளை ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். பஸ்காரர் இறங்கிப் போனது சரியாக இங்கேதான்.

6

இனிமேல் நான்.

நான் முதலில் எழுதிய கதையில் அன்னக்கொடிதான் செய்திருந்தாள். தேவாரத்து மந்தைக்காரன் ஒருவனையும் தயார் செய்து வைத்திருந்தேன், அவனுக்கு மீசைகூட எழுதியாகிவிட்டது. எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது. பொருந்தியதுதான் எனக்கு உறுத்தியது. அப்போதுதான் ஒரு கணக்குப் போட்டேன். செம்மறிக்குச் சினை ஐந்து மாதம். கார்த்திகையில் ஈன்றால் சேர்ந்தது ஆனியில். ஆனியில் வெள்ளச்சி எங்கே இருந்தது?

எனக்கு முன்னால் இதே கணக்கைப் பாத்துமுத்து போட்டிருந்தாள். குத்புதீன் வீட்டுக்குள் நுழைந்து, கிடையில் தான் பேசியதையெல்லாம் ஒன்று விடாமல் ஒப்பித்தபோது அவள் கருவாடு கழுவிக்கொண்டிருந்தாள். கை அப்படியே நின்றது.

"யா அல்லா. அந்தப் புள்ளைய அப்படிச் சொன்னீங்களா? அத்தனை ஆம்பளைங்க முன்னாடியா?"

"சொல்லாம? கருப்பு என்ன வானத்துல இருந்தா விழுந்துச்சு?"

"ஆனி மாசம் பெருநாளைக்கு முன்னாடி ஆடு எங்கங்க இருந்துச்சு?"

"எங்க இருந்துச்சு?"

"இங்கதான. பாக்க ஆளு வருது, மேச்சலுக்குப் போனா மெலியும்னு நீங்கதான பதினஞ்சு நாளு தொழுவத்துல கட்டிப்போட்டு எல போட்டீங்க. அன்னக்கொடி அந்தப் பதினஞ்சு நாளும் இந்தப் பக்கமே வரல. உத்தமபாளையத்து ஜஹாங்கீர் வந்தாரு, கப்பல முழுசாப் பாக்கணும்னாரு. நீங்க சாக்க அவுத்து ஆணியில மாட்டுனீங்க. பெறகு அவரக் கூட்டிக்கிட்டு உள்ள வந்து பிரியாணி சாப்புட உக்காந்தீங்க. நான் தண்ணிக்குப் போனவ பாத்தேன், சாக்கு ஆணியில தொங்குது. சாயங்காலம் நான்தான் திருப்பிக் கட்டுனேன்."

குத்புதீன் தொழுவத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தார். "அப்ப இது கப்பலோட குட்டியா? கப்பலு வெள்ளையில்ல?"

"கப்பலோட ஆத்தாள நீங்க பாத்தீங்களா? அவ ஆத்தாளப் பாத்தீங்களா? உள்ளுக்குள்ள எங்கயோ கருப்பு ஒளிஞ்சுக்கிட்டு இருந்துருக்கு. அப்பனும் மகளும் சேர்ந்தா ஒளிஞ்சது ரெண்டு பக்கமும் கூடி வெளிய வந்துரும். இது நம்ம வீட்டுக் குட்டிங்க. மத்த எல்லாத்தையும்விட நம்ம குட்டி."

"நீ ஏன் மொதல்லயே சொல்லல?"

"நீங்க எங்கிட்டக் கேட்டீங்களா? விடிஞ்சும் விடியாம கிடைக்கில்ல ஓடுனீங்க."

அப்போதும் அந்தப் பழைய விரல் துழாவியது. பாத்துமுத்து இதை இவ்வளவு தெளிவாக எப்படிச் சொல்கிறாள்? அன்னக்கொடி இவளைப் பிடித்துச் சொல்லச் சொல்லியிருப்பாளோ? தொழுவத்துக்குப் போய் ஆணியைப் பார்த்தார். ஆணி இருந்தது. சாக்கின் முடிச்சைப் பார்த்தார். அவர் போடுகிற முடிச்சு வலப்பக்கம் விழும். இது இடப்பக்கம் விழுந்திருந்தது, பாத்துமுத்துவுக்கு இடதுகைப் பழக்கம். அஞ்சு மாதமாகத் தினமும் கண்ணில் பட்டதுதான். ஊரில் எல்லோருடைய மூட்டைக்குள்ளும் கையை விட்ட மனுஷர் தன் முடிச்சைப் பார்த்ததில்லை.

7

(இங்கே நானும் ஒன்று ஒத்துக்கொள்ளவேண்டும். நாலாவது பகுதியில், பதில் சொல்லும்போது அன்னக்கொடி அவர் முகத்தைப் பார்க்கவில்லை என்று எழுதினேன். பஸ்காரர் அப்படிச் சொல்லவே இல்லை. நானாகச் சேர்த்தேன், அவள்மேல் உங்களுக்கு ஒரு சந்தேகம் விழட்டும் என்று. விழுந்ததா இல்லையா? பிறந்த குட்டியைக் கையில் வைத்திருப்பவள் குட்டியைத்தான் பார்ப்பாள். அந்த வரியை அடித்துவிடலாம் என்று பார்த்தேன். அடிக்காமல் விடுகிறேன், நான் செய்த காரியம் தெரியட்டும்.)

சரி, உண்மை தெரிந்துவிட்டது, போய்ச் சொல்லிவிட வேண்டியதுதானே என்கிறீர்கள். சுலபமாகச் சொல்லிவிட்டீர்கள். கப்பலுக்குள் கருப்பு ஓடுகிறது என்று வெளியே தெரிந்தால் கப்பலின் மகள்கள், மகன்கள் எல்லாவற்றுக்குள்ளும் அது ஓடுகிறது என்றுதான் அர்த்தம். ராவுத்தர் வெள்ளை என்று பெயர் வாங்க ஆறு வருஷம் ஆயிற்று. அதே ஜஹாங்கீர் இனம் பெருக்கக் கப்பல் வம்சத்தில் நாலு பொலிகிடாக் குட்டிகள் வேண்டும் என்று சொல்லிவைத்திருந்தார், வெள்ளிக்கிழமை ஓட்டிக்கொண்டு போக வருவதாகத் தகவலும் அனுப்பியிருந்தார். பேசாமல் இருந்தால் அன்னக்கொடிக்கு இருக்கிற பிழைப்பு போகும். பேசினால் இவர் கட்டிய இனம் போகும். இடைப்பட்ட வழி ஏதாவது இருக்கிறதா என்று புதன்கிழமை முழுக்க யோசித்தார். நானும் யோசித்தேன்.

8

முதல் முடிவு. குத்புதீன் கிடைக்கு ஓடிப் போய், எல்லோர் முன்னாலும் கண்ணீர் விட்டு, "என்னைய மன்னிச்சுரு தாயீ" என்று— வேண்டாம். இதை எழுதியபோது எனக்கு ரொம்ப சுகமாக இருந்தது. எனக்கு இவ்வளவு சுகமாக இருக்கிற முடிவின்மேல் எனக்கு நம்பிக்கை இல்லை.

இரண்டாவது முடிவு. வியாழக்கிழமை குத்புதீன் கருப்புக் குட்டியையும் வெள்ளச்சியையும் அன்னக்கொடி வீட்டுக்குத் தானே ஓட்டிக்கொண்டு போனார். யாரும் பார்க்காத மத்தியான நேரம்.

"இந்தா. தாயும் குட்டியும் நீயே வச்சுக்க. நடந்தத மறந்துரு."

அன்னக்கொடி வாசலில் நின்றபடியே பார்த்தாள். "எதுக்கு?"

"எதுக்குன்னா... சும்மாதான். வச்சுக்க."

"கருப்பு ஒங்க கிடாவுதுதானே?"

அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"நான் அன்னைக்கே கணக்குப் போட்டுட்டேன் ராவுத்தரே. நான் சொன்னா எவன் கேப்பான்? திருடி தப்பிக்கச் சொல்றாம்பாங்க." அவள் குட்டியின் காதைப் பிடித்து நிமிர்த்திக் காட்டினாள். "இது வெட்டாத காது. ராவுத்தரோட ஆடுன்னு ஊருக்கே தெரியும். இத நாளைக்கு எங்க வீட்டுல பாத்தா என்னன்னு சொல்லுவாங்க? நீங்க திருடின்னு சொன்னீங்க, இப்ப திருட்டையும் கொண்டாந்து எங்க வாசல்ல கட்டுறீங்களா?"

"அப்ப நான் என்னதான் செய்ய?"

"எங்க வச்சுச் சொன்னீங்களோ அங்க வச்சு இல்லேன்னு சொல்லுங்க. ஆடு ஒன்னும் எனக்கு வேண்டாம். ஒரு வார்த்த போதும். சொல்லலேன்னா நாளைக்கு மத்தியான பஸ்சுல மேல எஸ்டேட்டுக்குப் போறேன், காய் எடுக்க. அந்த மலைக்காய்ச்சல்தேன் எம்புருசனக் கொன்னுச்சு. தெரிஞ்சுதேன் போறேன்."

கதவைச் சாத்திக்கொண்டாள். குத்புதீன் தாயையும் குட்டியையும் திருப்பி ஓட்டிக்கொண்டு வந்தார். வழியில் எதிரே வந்த இரண்டு பேருக்கு முகம் காட்டாமல் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டார்.

இந்த முடிவை நான் முடிவாக வைத்திருக்க முடியாது என்று உங்களுக்கே புரிந்திருக்கும். அவள் வைக்கவிடவில்லை.

9

வெள்ளிக்கிழமை காலை. பனி விலகி வெயில் வந்துவிட்டது. கிடை இப்போது முந்தல் ரோட்டோரத்துக்கு மாறியிருந்தது. குத்புதீன் வெள்ளச்சியை ஓட்டிக்கொண்டு, கருப்புக் குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். சொல்லத்தான் வந்தார் என்று நினைக்கிறேன். சொல்லாமல் வேறு ஏதாவது சொல்லிச் சமாளிக்கவும் வந்திருக்கலாம். இத்தனை பக்கம் அவர் கூடவே வந்தும் எனக்கு அவரை முழுக்கத் தெரியவில்லை.

அன்னக்கொடி தன் பதினொரு ஆட்டையும் ஏற்கனவே தனியாகப் பிரித்து நிறுத்தியிருந்தாள். பக்கத்தில் ஒரு துணிமூட்டை. பிச்சைமணி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். சுருளி நின்றார். செவ்வாய்க்கிழமை நின்ற ஏழெட்டுப் பேரும் நின்றார்கள்.

குத்புதீன் தொண்டையைச் செருமினார். அந்த நேரம் பார்த்து பஸ் வந்து நின்றது. ஜஹாங்கீர் இறங்கினார். புதுச்சட்டை, கையில் நாலு கயிறு. சிரித்துக்கொண்டே நேராக வந்தார்.

"அஸ்ஸலாமு அலைக்கும் அண்ணே! வீட்டுக்குப் போகலாம்னு பாத்தேன், நீங்க இங்கயே நிக்கிறீங்க. என் நாலு கிடாவும் தயாரா?" தோளில் கிடந்த குட்டியைப் பார்த்தார். தாயைப் பார்த்தார். வெள்ளச்சியை அவருக்கு நன்றாகத் தெரியும், ஆனியில் அதன் முதுகைத் தடவிப் பார்த்தவர். சிரிப்பு நின்றது.

"என்னண்ணே இது? வெள்ளச்சி குட்டியா? இந்தக் கருப்பு எங்க இருந்து வந்துச்சு?"

அவ்வளவுதான். கேள்வி வந்துவிட்டது, பத்துப் பேர் காதிலும் விழுந்துவிட்டது. இதற்கு இரண்டு பதில்தான் உண்டு. ஒன்றைச் சொன்னால் ஜஹாங்கீர் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு திரும்பிப் போவார். இன்னொன்றைச் சொன்னால் அன்னக்கொடி மத்தியான பஸ்சில் ஏறுவாள். இரண்டையும் எழுதிப் பார்த்தேன். இரண்டிலும் அவர் வாய் அசைகிறது, இரண்டும் எழுத்தில் பொருந்துகிறது. பொருந்துகிறபடி எழுதத் தெரிந்ததை வைத்துத்தான் நான் ஒரு முறை இவளைத் திருடியாக்கினேன். இனி இந்த இடத்தில் என் பேனாவை நான் நம்பமாட்டேன்.

ஆனால் நீங்கள் இருக்கிறீர்கள். ஆனி மாதம் சாக்கு எந்த ஆணியில் தொங்கியது, யார் அவிழ்த்தது, யார் திருப்பிக் கட்டியது எல்லாம் உங்களுக்குத் தெரியும். நடுவில் நாலைந்து பக்கம் அவள்மேல் சந்தேகப்பட்டவர்களும் நீங்கள்தான், நான் சொன்னேன் என்பதற்காக. குத்புதீன் இன்னும் செருமிக்கொண்டுதான் இருக்கிறார். அன்னக்கொடி மூட்டையைக் குனிந்து எடுக்கப் போகிறாள். ஜஹாங்கீர் கேட்டது உங்கள் காதிலும் விழுந்தது. பிச்சைமணிக்குக் கேட்கும்படி கொஞ்சம் சத்தமாகவே சொல்லுங்கள்.